முன் டிஸ்க் பிரேக் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காலிப்பர் சீல் வரை

தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டிய சாலையில் தினமும் வேலைக்குப் போய்வருகிற எனக்கு, மழைக்காலம் முடிந்ததும் முன் டிஸ்க் பிரேக்கை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கடற்காற்றில் இருக்கும் உப்பும், உப்பு லாரிகளிலிருந்து சொட்டும் நீரும், பருவமழையில் சாலையில் தேங்கி நிற்கும் தண்ணீரும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கும் அலுமினியக் காலிப்பருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து, ஒருநாள் பிரேக் 'பிடித்துக்கொள்கிறது' என்ற புகாராக வெளிப்படுகின்றன. அந்தப் புகாரோடு பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் காலிப்பர் சீலை, அதாவது உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றச் சொல்வார்கள். சில நேரம் அது சரியான தீர்வுதான். சில நேரம் கோளாறு வேறிடத்தில் இருக்கும். இன்னும் சில நேரம், சீல் புதிதாக வந்த பிறகும் இரண்டே மாதத்தில் பழைய கதை திரும்பிவிடும். எனவே எந்த அறிகுறி எதைக் காட்டுகிறது என்பதை முதலில் பிரித்துக்கொண்டு, அதன் பிறகே ஸ்பானரை எடுப்பது நல்லது. இங்கே சொல்லப்படுபவை ஒற்றை டிஸ்க்கும், ஒன்று அல்லது இரண்டு பிஸ்டன் உள்ள நகரும் காலிப்பரும் கொண்ட 150 முதல் 200 சிசி பைக்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

சீல் செய்யும் வேலை

காலிப்பரில் பிஸ்டன் நகரும் துளைக்குள் இரண்டு பள்ளங்கள் இருக்கும். உள்பக்கப் பள்ளத்தில் தடிமனான பிரஷர் சீலும், வெளிப்பக்கப் பள்ளத்தில் மெல்லிய டஸ்ட் சீலும் உட்கார்ந்திருக்கும். பிரஷர் சீல் பிரேக் ஆயிலைக் கசியவிடாமல் தடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஸ்பிரிங் வேலையும் செய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. லீவரைப் பிடிக்கும்போது பிஸ்டன் வெளியே நகர, அதைக் கவ்விக்கொண்டிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சற்றே சாய்ந்து வளைகிறது. லீவரை விட்டதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். பிஸ்டன் தள்ளும் உராய்வுக் கட்டையான பேட் டிஸ்க்கை உரசாமல் விலகி நிற்பதற்கு அதுவே போதும். பேட் தேயத் தேய, பிஸ்டன் சீலின் பிடியில் வழுக்கி ஓரளவு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. டிஸ்க் பிரேக்கில் 'அட்ஜஸ்ட்' செய்யும் திருகு இல்லாததன் காரணமும் இதுவே.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். சீல் வளைந்து திரும்புவதற்குப் பள்ளத்தில் இடம் வேண்டும். அந்த இடத்தை அழுக்கோ அரிப்போ நிரப்பிவிட்டால், சீல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பிஸ்டன் திரும்பாது.

சக்கரம் இறுக்கமாகச் சுழல்கிறது, டிஸ்க் சுடுகிறது

மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினால், பேட் லேசாக உரசும் 'சர்ர்' சத்தம் கேட்பது இயல்பு. ஒரு சுற்றுகூட முடியாமல் சக்கரம் நின்றுவிட்டால் அது கோளாறு. முன் பிரேக்கைத் தொடாமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சீறினால் பேட் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

இந்த நிலையில் காலிப்பரைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சக்கரம் இறுகியிருக்கும்போதே, காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற உள்ள ப்ளீடர் நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அதைக் கால் சுற்று திறக்க வேண்டும். கொஞ்சம் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் உடனே விடுபட்டால், காலிப்பர் மீது குற்றம் இல்லை. எங்கோ அழுத்தம் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அப்படியே இறுகியிருந்தால், பிஸ்டனோ காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் சீல் கிட்டுக்குக் காசு கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அழுத்தம் சிக்கும் வகையில், முதலில் பார்க்க வேண்டியது லீவர். விழுந்து வளைந்த லீவரோ, அளவு சரியில்லாத மாற்று லீவரோ, கைப்பிடியருகே ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை முழுமையாகத் திரும்பவிடாமல் லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். பழைய ஆயில் பிசினாகி அந்தத் துளையை அடைத்துக்கொள்வதும் உண்டு. ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, போக இடமில்லாமல் பேடை நெருக்கும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் தானாகவே விடுபடும். போக்குவரத்து நெரிசலில் பிரேக் தானே பிடிக்கிறது, வீட்டுக்கு வந்ததும் சரியாகிவிடுகிறது என்று யாராவது சொன்னால் என் சந்தேகம் நேரே கைப்பிடிப் பக்கம்தான் போகும். அடுத்தது, அங்கிருந்து காலிப்பருக்கு ஆயிலைக் கொண்டுபோகும் ஹோஸ். பத்தாண்டு கடந்த ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, அழுத்திப் போன ஆயிலைத் திரும்பவிடாமல் வால்வுபோல் நின்றுவிடும். ஹோஸின் மேல்முனையை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டைத் துணி சுற்றிச் சற்றே தளர்த்தும்போது சக்கரம் விடுபட்டால் குறை மாஸ்டர் சிலிண்டரில்; அங்கே விடுபடாமல் கீழே நிப்பிளைத் திறக்கும்போது மட்டும் விடுபட்டால் குறை ஹோஸில்.

ஒரு பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது

நகரும் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை அழுத்த, அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் நகர்ந்து வந்து எதிர்ப்பக்கப் பேடையும் டிஸ்க்கில் சேர்க்கிறது. ஸ்லைடு பின்கள் காய்ந்துபோனால் அந்த நகர்வு நின்றுவிடும். ஒரு பேட் சருகுபோல் மெலிந்தும் மற்றது புதிதுபோல் தடித்தும் இருக்கும். அப்போது சீலுக்கு வேலை இல்லை. பின்களைக் கழற்றித் துடைத்து, அவற்றின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றி, அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் அந்த உறையை உப்பவைத்துப் பின்னை முன்னைவிடக் கெட்டியாகப் பிடிக்கவைத்துவிடும்.

ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்தும் மறுமுனையில் தடித்தும் ஆப்புபோல் தேய்ந்திருந்தால், இரண்டு பிஸ்டன் காலிப்பரில் ஒன்று சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அது சீல் வேலைதான்.

தொட்டியில் ஆயில் குறைகிறது

மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைவதைக் கண்டு பதற வேண்டாம். பேட் தேயும் அளவுக்குப் பிஸ்டன் முன்னால் வருகிறது, அதன் பின்னால் உண்டான இடத்தை ஆயில் நிரப்புகிறது, அவ்வளவுதான். அந்தக் குறைவை ஊற்றி நிரப்பிவிட்டால், பிறகு புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது தொட்டி வழிந்து டேங்க் பெயிண்டை உரித்துவிடும். ஒரு வாரத்தில் கண்கூடாகக் குறைந்தால் அது கசிவு. காலிப்பரின் கீழ்விளிம்பிலும், பேடின் பின்தகட்டிலும், சக்கர ரிம்மின் உள்பக்கத்திலும் ஈரம் தெரிந்தால் பிரஷர் சீல் போய்விட்டது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆயில் குடித்த பேடை நெருப்பில் காட்டியோ உப்புத்தாளில் தேய்த்தோ பிழைக்கவைக்கும் வழக்கம் இருக்கிறது. பேட் விலையைப் பார்த்து உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வெளியே எங்கும் ஈரமில்லாமல், லீவரை விடாமல் அழுத்திப் பிடிக்கும்போது அது மெதுவாகக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. லீவர் பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்தால் கெட்டியாகிறது என்றால் ஆயிலுக்குள் ஏர், அதாவது காற்றுக் குமிழி, இருக்கிறது. இரண்டுக்கும் காலிப்பரைப் பிரிக்கத் தேவையில்லை.

பிரிப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

சீல் கிட்டை வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காமல் பிஸ்டன் விட்டத்தை அளந்தோ, பாகத்தின் எண்ணைப் பார்த்தோ வாங்க வேண்டும். ஒரே பெயரில் வரும் வண்டியிலும் வருடத்துக்கு வருடம் காலிப்பர் மாறுகிறது. காலிப்பர் பக்கத்து பான்ஜோ போல்ட்டுக்கு இரண்டு புதிய வாஷர்கள் வேண்டும். மூடி திறக்காத புதிய ஆயில் டப்பா ஒன்று வேண்டும். தொட்டி மூடியில் ஆயிலின் தரக் குறியீடாக டாட் 4 என்று பொறித்திருந்தால் டாட் 4 ஊற்ற வேண்டும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை, டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை என்பதால் அதை இவற்றோடு கலக்கக் கூடாது. கிளைக்கால் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 ஆகக் குறைந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வதும், பாதி பயன்படுத்திய டப்பாவை அலமாரியில் வைத்து அடுத்த ஆண்டு ஊற்றாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில் ஆகியவை பிரேக் வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே வரக் கூடாது. பிரேக் சீலுக்குப் பயன்படும் ரப்பர் கிளைக்கால் ஆயிலைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய்களைத் தாங்காது. என் உறவினர் ஒருவரின் வண்டியில், பிரித்த பாகங்களைப் பெட்ரோலில் அலசிப் புதுச் சீலைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் சக்கரம் அசையவில்லை. நான் திறந்து பார்த்தபோது சீல் பள்ளத்துக்குள் அடங்காமல் ஊறிய பயறுபோல் உப்பிக் கிடந்தது. கழுவுவதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ, பிரேக் கிளீனர் என்று விற்கும் ஸ்ப்ரேயோ மட்டும் போதும்.

பிஸ்டனை வெளியே எடுத்தல்

காலிப்பர் ஃபோர்க்கில் மாட்டியிருக்கும்போதே பான்ஜோ போல்ட்டையும் பேட் பின்னையும் ஒரு இம்மி தளர்த்தி மறுபடி கைப்பிடியாக இறுக்கிவிடுங்கள். கழற்றிய பிறகு கையில் பிடித்துக்கொண்டு அவற்றோடு மல்லுக்கட்டுவது வீண். பிறகு காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, பேடுகளை எடுத்துவிட்டு, ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை ஒரு தட்டின் மேல் பிடித்துக்கொண்டு லீவரை மெதுவாக அடிக்க வேண்டும். சிக்கிய பிஸ்டனை வெளியேற்ற வண்டியின் ஹைட்ராலிக் அழுத்தத்தை மிஞ்சிய கருவி இல்லை. ஹோஸை முதலில் கழற்றிவிட்டால் அந்த வசதி போய்விடும், கம்ப்ரஸர் காற்றைத்தான் தேட வேண்டும். காற்றில் பிஸ்டன் குண்டுபோல் பாயும் என்பதால் எதிரே மரக்கட்டை வைக்காமலும், விரலை அந்தப் பாதையில் வைத்துக்கொண்டும் அதைச் செய்யவே கூடாது. இரண்டு பிஸ்டன் இருந்தால் சுலபமாக வருவது முதலில் வந்துவிடும். அதைக் கட்டை வைத்துத் தடுத்து மற்றதையும் ஒரே அளவுக்கு வெளியே கொண்டுவந்த பிறகுதான் இரண்டையும் கையால் உருவ வேண்டும். பிஸ்டனின் வெளிப்புறத்தைக் குறடால் பிடித்தால் விழும் கீறல் புதுச் சீலையும் அறுத்துவிடும்.

உருவிய பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீல் படும் பகுதியில் குரோம் உரிந்தோ, துருப்பிடித்துச் சிறு குழிகள் விழுந்தோ இருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். பேடைத் தொடும் வாய்ப்பகுதியில் மட்டும் கறை இருந்தால் பாதகமில்லை.

பள்ளம்

பழைய சீல்களை எடுக்கும்போது அவை எந்தப் பக்கம் நோக்கி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் சீல் ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், மூங்கில் குச்சியின் முனையைச் சீவி அதனால் தூக்கி எடுக்கலாம்.

சீல் போன பிறகு பள்ளத்தைப் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது, ஆயிலில் நனைந்து எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கும். ஆல்கஹால் ஊற்றித் துடைத்துக் காயவிட்டால்தான் உண்மை நிறம் வரும். டஸ்ட் சீல் பள்ளத்தின் அடியில், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்து ஒட்டிய சுண்ணாம்புபோல் வெள்ளையாக ஒரு படிவு இருக்கும். அது அழுக்கு அன்று. அலுமினியமே அரித்து ஆக்சைடாக மாறியது. அரித்த அலுமினியம் தன் பழைய இடத்தைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும் என்பதால், அது சீலை அடியிலிருந்து தூக்கிப் பிஸ்டன் மீது நெருக்குகிறது. உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் பிரேக் பிடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இந்தப் படிவே காரணம். சீலை மட்டும் மாற்றுகிறவர் நோயை உள்ளே வைத்துத் தைக்கிறார். நானே முதல்முறை அப்படித்தான் செய்தேன். பிரஷர் சீல் பள்ளத்தைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, தூசி தடுக்கும் சீல்தானே என்று வெளிப்பள்ளத்தை அலட்சியமாக விட்டேன். தைப்பொங்கலுக்குப் போட்ட சீல் பங்குனியில் மறுபடி இறுகியது.

இந்தப் படிவை எடுக்க நான் பயன்படுத்துவது, முனையைப் பள்ளத்தின் அகலத்துக்கு ராவி வளைத்த பித்தளைக் கம்பி. எஃகு முனை வேகமாகச் சுரண்டும், ஆனால் அலுமினியத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடும். கம்பியைப் பள்ளத்தின் அடியில் வைத்து ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போனால், முதலில் சீனி மேல் கீறுவதுபோல் நறநறவென்று இருக்கும். படிவு போனதும் அந்தச் சத்தம் நின்று கம்பி வழுக்கும். பள்ளத்தின் அடியைப் போலவே இரு மூலைகளையும் அப்படியே வழுக்கும்வரை எடுக்க வேண்டும். ஒரு பள்ளத்துக்கு எனக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. மொத்த வேலையில் பாதி நேரம் இதில்தான் போகும். பள்ளத்தின் விளிம்பிலோ துளையின் சுவரிலோ உப்புத்தாள் போட வேண்டாம். எடுத்து முடித்த பிறகு உலோகம் குழி குழியாகத் தின்னப்பட்டிருந்தால், காலிப்பரையே மாற்ற வேண்டியதுதான்.

பூட்டுதல்

எல்லாவற்றையும் ஆல்கஹாலால் கழுவி, நூல் விடாத துணியால் துடைத்து, நிப்பிள் துளையையும் ஆயில் வரும் வழியையும் ஊதிச் சுத்தம் செய்த பிறகு, புதுச் சீல்களைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்துப் பள்ளத்தில் உட்காரவைக்க வேண்டும். விரல் நுனியைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தால் எங்கும் முறுக்கோ மேடோ இல்லாமல் சமமாக இருக்க வேண்டும். பிஸ்டனையும் ஆயிலில் நனைத்து, நேராக வைத்து, இரு கட்டைவிரல்களால் அழுத்துங்கள். சீலைத் தாண்டும் இடத்தில் ஒரு சிறு தடை, அதன் பிறகு வெண்ணெயில் இறங்குவதுபோல் ஒரே சீரான நகர்வு. இதற்குக் கட்டைவிரல் பலம் போதவில்லை, கிளாம்ப் தேவைப்படுகிறது என்றால், பள்ளம் இன்னும் சுத்தமாகவில்லை அல்லது சீல் முறுக்கியிருக்கிறது. வருத்தம் பார்க்காமல் வெளியே எடுத்து மறுபடி பாருங்கள். உள்ளே போன பிஸ்டனை இரண்டு மூன்று முறை சற்றே வெளியே இழுத்து உள்ளே தள்ளிப் பழக்கிவிடுவதும் நல்லது.

போல்ட்டுகளுக்கான டார்க் (இறுக்கும் விசை) அளவை அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து இறுக்க வேண்டும். நிப்பிள் மட்டும் மிகக் குறைந்த இறுக்கத்திலேயே மூடிக்கொள்ளும். ஆத்திரத்தில் இறுக்கினால் அது அலுமினியத்துக்குள் ஒடிந்து நிற்கும்.

ஏர் எடுக்கும்போது, காலி காலிப்பருக்குள் மேலிருந்து ஆயிலை இறக்குவதைவிட, சிரிஞ்சை நிப்பிளில் மாட்டிக் கீழிருந்து மேலே தள்ளுவது எளிது. குமிழிகள் தாமாக மேலேறும் இயல்புடையவை. தொட்டி நிரம்பி வழியாமல் ஒருவர் மேலே பார்த்துக்கொள்ள வேண்டும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் வேலை நடக்கும்போது தொட்டி ஒருபோதும் வறண்டுபோகக் கூடாது. ஏபிஎஸ் பெட்டிக்குள் ஏர் புகுந்துவிட்டால், பல வண்டிகளில் ஸ்கேனர் மாட்டித்தான் அதை எடுக்க முடியும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம் என்பதால் இது பலருக்கும் பொருந்தும். கடைசியில் மிஞ்சும் நுண்ணிய குமிழிகளுக்கு, லீவரை அழுத்தி ரப்பர் பேண்டால் கைப்பிடியோடு கட்டி ஓர் இரவு விட்டுவிட்டால், காலையில் லீவர் கெட்டியாகியிருக்கும்.

மாட்டிய பிறகு வரும் அறிகுறிகள்

ஏர் சுத்தமாகப் போன பிறகும் லீவர் நீளமாக இறங்கினால், பெரும்பாலும் சீல் உலர்ந்த நிலையில் பிஸ்டனை இறுகக் கவ்வி, வேண்டியதைவிட அதிகமாகப் பின்னே இழுக்கிறது. பேடுகளைக் கழற்றி, பிஸ்டனைச் சற்றே வெளியே கொண்டுவந்து அதன் பக்கத்தில் ஆயில் தடவி, உள்ளே வெளியே சில முறை நகர்த்தினால் சரியாகும். வண்டி சிறிது நேரம் ஓடிய பிறகு மட்டும் முதல் பிடியில் லீவர் இறங்கி, இரண்டாம் பிடியில் சரியானால், சக்கர பேரிங் ஆடுகிறதா, டிஸ்க் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்தான் பேடைப் பின்னே தட்டிக்கொண்டிருக்கும்.

வண்டியைத் தெருவில் இறக்குவதற்கு முன் நின்ற இடத்திலேயே லீவரை அது கெட்டியாகும்வரை அடிக்க வேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடை எட்டும்வரை முதல் சில பிடிகளில் பிரேக் இருக்காது. இதை மறந்து வாசலைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். பிறகு லீவரை முழு பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலிப்பரின் கீழ்விளிம்பிலும் பான்ஜோ போல்ட்டைச் சுற்றியும் வெள்ளைத் தாளை ஒற்றி எடுங்கள். சின்னக் கசிவும் தாளில் தெரிந்துவிடும். ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை மெல்லப் பிடித்து வேகம் குறைத்து, இடையிடையே ஆறவிட்டுப் புதுப் பேடைப் பழக்குங்கள். திரும்பி வந்ததும் டிஸ்க்கில் சொட்டுத் தண்ணீர் சோதனையை மறுபடி செய்து, நிப்பிளின் ரப்பர் மூடியை மறக்காமல் மாட்டிவிடுங்கள். அது இல்லாத நிப்பிளுக்குள் உப்பு இறங்கினால் அடுத்த முறை ஸ்பானர் வைத்ததுமே அது முறிந்துவிடும்.